தோட்டத்துக்கு மட்டும் மாசம் 5 டேங்க் தண்ணி: கரிசல் மண், உப்பு போர். சொட்டுநீர் போட்டா எவ்வளவு குறையும்?

கோவில்பட்டி_10சென்ட்:

வணக்கம். கோவில்பட்டிக்கு வெளியே 10 சென்ட் மனை, நல்ல கரிசல். காய்க்கிற தென்னை 3, எலுமிச்சை 1 (குடை அகலம் சுமார் 2 மீட்டர்), முருங்கை 1, கறிவேப்பிலை 1, மல்லிகை 6, செம்பருத்தி 1, 20 தொட்டிச் செடி, வாசலில் 300 சதுர அடி புல்தரை. போர் தண்ணி உப்பு, டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பின் அளவு) மீட்டரில் 2,400 காட்டுது. அதனால தோட்டத்துக்கும் டிராக்டர் டேங்கர் தண்ணிதான். 5,000 லிட்டர் 700 ரூபாய், மாசம் 5 வண்டி. மொட்டைமாடி டேங்கில் ஏத்தி, அரை இஞ்ச் ஹோஸ் வச்சு காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி பாய்ச்சுறோம். டேங்கின் அடி தரையிலிருந்து 4.5 மீட்டர்.

டைமர், ஸ்பிரிங்ளர், டிரிப் எல்லாம் சேர்ந்த கிட் ஒண்ணு 6,500 ரூபாய்க்குக் கிடைக்குது. வாங்கலாமா? போர் தண்ணியை எந்த வகையிலாவது பயன்படுத்த முடியுமா? புல்லை வச்சுக்கலாமா, எடுத்துடணுமா?

---

லேட்டரல்16:

கிட் வேண்டாம். உங்க டேங்க் உயரத்துக்கு அதுல பாதி சாமான் வேலை செய்யாது.

10 மீட்டர் உயரம் இருந்தா ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். உங்களுக்கு 4.5 மீட்டர், அதாவது 0.45 கிலோ. ஸ்பிரிங்ளர் தலை ஒழுங்கா சுத்த ஒன்றரை, ரெண்டு கிலோ வேணும். கிட்டோட வர்ற பேட்டரி டைமர் பெரும்பாலும் சோலினாய்டு வகை. அது தண்ணியோட அழுத்தத்தை வச்சுத்தான் திறந்து மூடுது, அரை கிலோவுக்குக் கீழே நம்ப முடியாது. திறக்காம போனா செடி வாடும், அவ்வளவுதான். ராத்திரி மூடாம நின்னா டேங்க் காலி. டைமர் கட்டாயம் வேணும்னா உள்ளே மோட்டார் வச்சு பந்து வால்வைத் திருப்புற வகையைக் கேட்டு வாங்குங்க. அழுத்தமே இல்லாட்டியும் அது வேலை செய்யும்.

டிரிப்பர்லயும் இதே கதைதான். கடைக்காரர் பி.சி. டிரிப்பர் (அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு சொட்டுற வகை) உசத்தின்னு சொல்வார். அது ஏத்த இறக்கமான தோட்டத்துக்கு, மோட்டார் அழுத்தத்துக்கு நல்லது. மேல்தொட்டித் தண்ணிக்கு சாதா பட்டன் டிரிப்பர் போதும். மணிக்கு 8 லிட்டர் வகை, கழட்டிக் கழுவுற மாதிரி ரெண்டா திறக்கணும். 8 லிட்டர்னு போட்டிருக்கிறது 1 கிலோ அழுத்தத்துக்கு. 0.45 கிலோவில் சுமார் 5.4 லிட்டர்தான் வரும். சந்தேகமா இருந்தா டிரிப்பருக்குக் கீழே டம்ளரை 6 நிமிஷம் வச்சு அளந்து 10-ஆல பெருக்குங்க. 540 மில்லி நிறைஞ்சா சரி.

வரிசை இப்படி: டேங்கின் வெளிக்குழாய், கேட் வால்வு, 1 இஞ்ச் டிஸ்க் ஃபில்டர் (120 மெஷ்), அப்புறம் 16 மி.மீ. லேட்டரல் (டிரிப்பர் மாட்டுற குழாய்), கடைசியில் எண்ட் கேப். ஃபில்டர் இல்லாம ஒரு நாள்கூட ஓட்டாதீங்க. டேங்கர் தண்ணியில வர்ற வண்டல் டிரிப்பருக்குள்ள போய் உட்கார்ந்தா மொத்தமா மாத்த வேண்டியதுதான். லேட்டரல்ல ஓட்டை போட அதுக்குன்னே பஞ்ச் இருக்கு. ஆணியைக் காய்ச்சிக் குத்துனா ஓட்டை வட்டமா வராது, டிரிப்பர் ஓரமாவே கசியும். வெயில்ல குழாய் நீளும், ராத்திரி சுருங்கும். அதனால இழுத்துக் கட்டாம கொஞ்சம் தளர்வா விட்டு, மீட்டருக்கு ஒண்ணு கம்பி வளைச்சுக் குத்துங்க. இல்லாட்டி ஒரு மாசத்துல டிரிப்பர் செடியை விட்டு ஒரு அடி தள்ளி நிக்கும்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு வேலை. 15 லிட்டர் வாளியை ஹோஸ்ல பிடிச்சு எத்தனை செகண்டுல நிறையுதுன்னு சொல்லுங்க.

---

கோவில்பட்டி_10சென்ட்:

65 செகண்ட் ஆச்சு.

---

லேட்டரல்16:

நிமிஷத்துக்கு சுமார் 14 லிட்டர். ஒரு மணி நேரம்னா 840, மாசம் 25,000. உங்க 5 வண்டியும் ஹோஸ் வழியாவே போயிருது. கசிவு எங்கேயும் இல்லைன்னு தெளிவாச்சு, அதைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

---

வானம்பார்த்தபூமி:

குழாய் அளவெல்லாம் மேலே சரியாகச் சொல்லிவிட்டார்கள். எதற்கு எவ்வளவு தேவை என்பதைப் பார்ப்போம். அது தெரியாமல் சொட்டுநீர் போட்டால், ஹோஸில் வீணாகிற தண்ணீர் டிரிப்பரில் வீணாகும்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். உங்கள் பக்கம் கோடையில் நாளொன்றுக்கு 6 மி.மீ. ஆவியாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சையின் குடை 2 மீட்டர் என்றால் பரப்பு 3.14 சதுர மீட்டர். அதை 6-ஆல் பெருக்கி, எலுமிச்சைக்கான குணகம் (ஆவியாகும் அளவில் அந்தச் செடிக்குத் தேவைப்படும் பங்கு) 0.65-ஆலும் பெருக்கினால் 12 லிட்டர். 15 கொடுத்தால் தாராளம். முருங்கைக்கு 10 போதும். கறிவேப்பிலை, செம்பருத்தி, ஒவ்வொரு மல்லிகைக்கும் 5 லிட்டர்.

தென்னைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இருக்கிறது. சொட்டுநீரில் பிப்ரவரி முதல் மே வரை மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர். தண்ணீர் ஓரளவு பற்றாக்குறை என்றால் 45, கடும் பற்றாக்குறை என்றால் 22. வட்டப்பாத்தியில் விட்டால் 6 நாளுக்கு ஒருமுறை 410 லிட்டர், வாய்க்காலில் வீணாவதற்கு அதற்கு மேல் 30 முதல் 40 சதவீதம். விலைக்குத் தண்ணீர் வாங்குகிறவர் 45-ல் நிற்கலாம். 22-க்கு இறக்கினால் மரம் பிழைக்கும், ஆனால் குரும்பை கொட்டும்.

அந்த அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. அது மேற்கு மாவட்டங்களுக்காகப் போட்டது. ஜூன், ஜூலையில் அங்கே தென்மேற்குப் பருவமழை கொஞ்சம் கைகொடுக்கும் என்பதால் அளவைக் குறைத்திருப்பார்கள். கோவில்பட்டியில் ஆனி ஆடியில் மழை ஏது? காற்றுதான். கயத்தாறு பக்கம் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. வெயில் தணிந்த மாதிரி இருக்கும், ஆனால் அந்தக் காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எனவே வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் வரை அளவைக் குறைக்க வேண்டாம். ஸ்பிரிங்ளர் உங்கள் ஊருக்கு ஆகாது என்பதற்கும் இந்தக் காற்றே போதுமான காரணம்.

மொத்தம் கூட்டினால் தென்னைக்கு 135, எலுமிச்சை 15, முருங்கை 10, மற்ற எட்டுச் செடிகளுக்கு 40. ஆக 200 லிட்டர். தொட்டிகளுக்குக் கையால் 20 லிட்டர். புல்தரையைத் தனியாகப் பேசுவோம்.

அடுத்து மண். கரிசலில் தண்ணீர் மெதுவாக இறங்கும், பக்கவாட்டில் நன்றாகப் பரவும். ஒரு டிரிப்பர் ஒரு மீட்டர் அகலத்துக்குக்கூட நனைக்கும். தேரிக்காட்டுச் செம்மணலில் ஒன்றரை அடி நனைந்தாலே பெரிது. ஆகவே உங்களுக்கு டிரிப்பர்களை நெருக்கி வைக்கத் தேவையில்லை, தினமும் விடவும் தேவையில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நாள் அளவைச் சேர்த்து விடுங்கள். தென்னையில் தூரிலிருந்து 1 மீட்டர் தள்ளி லேட்டரலை வளையமாகச் சுற்றி அதில் டிரிப்பர்களைப் பரப்புங்கள். தூரை ஒட்டி வைப்பது வீண். தண்ணீர் எடுக்கும் இளவேர்கள் அங்கே இல்லை, அடிமரம் நனைந்தால் நோய்தான் வரும்.

பாளம் பாளமாக வெடித்திருந்தால் முதலில் மேல்மண்ணைக் கொத்தி வெடிப்புகளை மூடுங்கள். வெடிப்பு வழியாக இறங்கும் தண்ணீர் வேரைத் தாண்டிப் போய்விடும். கொத்திய உடன் மூடாக்கு. தென்னைக்கு 1.8 மீட்டர் ஆரத்தில் தேங்காய் உரிமட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பரப்ப வேண்டும், மரத்துக்கு 100 மட்டை. மண்ணுக்குள் புதைப்பதானால் நேர்மாறாக, குழிந்த பக்கம் மேலே. இதைப் பலர் மாற்றிச் செய்கிறார்கள். கவிழ்த்த மட்டை நிழல் தரும், மல்லாந்த மட்டை மண்ணுக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மற்ற செடிகளுக்குக் காய்ந்த இலைதழை நான்கு விரல் கனம், தண்டிலிருந்து ஒரு சாண் விட்டு. ஒட்டிப் போட்டால் கரையான் தண்டில் ஏறும்.

போதுமான அளவு விட்டோமா என்று தெரிய, பாய்ச்சிய மறுநாள் விரல் கனத்துக்கும் மெல்லிய நீண்ட கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் உள்ளவரை கம்பி எளிதாக இறங்கும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும். தென்னையில் 2 அடியும், மல்லிகையில் 1 அடியும் இறங்கினால் போதும். அதற்கு மேல் இறங்கினால் நேரத்தைக் குறைக்கலாம்.

---

கோவில்பட்டி_10சென்ட்:

மாசம் 6,000 லிட்டர், தொட்டியைச் சேர்த்தா 6,600. கேட்கவே நல்லா இருக்கு. ஆனா டைமர் இல்லாம திறந்துவிட்டு மறந்துட்டா? வீட்டுல ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க.

---

நீலடிரம்:

மறந்தாலும் நட்டம் வராத வழி இருக்கு அண்ணே. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒண்ணு, 3 அடி உயர மேடை. டிரம்மின் அடியில வால்வு, ஃபில்டர், லேட்டரல். மேல்தொட்டியிலிருந்து டிரம்முக்கு ஒரு குழாய். மேல் வால்வைத் திறந்து டிரம் நிறைஞ்சதும் மூடுங்க. அப்புறம் கீழ் வால்வைத் திறந்துவிட்டுட்டு வேலைக்குக் கிளம்புங்க. 200 லிட்டர் தீர்ந்தா தானா நின்னுரும். ரெண்டு வால்வும் ஒரே நேரத்துல திறந்திருக்கக் கூடாது, விதி அது ஒண்ணுதான்.

யாருக்கு எவ்வளவுங்கிறதை டிரிப்பர் எண்ணிக்கையால பிரிச்சுக்கலாம். டிரிப்பருக்கு 5 லிட்டர்னு வச்சா 40 டிரிப்பர். தென்னைக்கு 9 வீதம் 27, எலுமிச்சை 3, முருங்கை 2, கறிவேப்பிலை, செம்பருத்தி, 6 மல்லிகைக்கு ஒண்ணொண்ணு. கூட்டிப் பாருங்க, சரியா 40. டிரம் காலியாகக் காலியாக வேகம் குறையும், ஆனா எல்லாத்துக்கும் ஒரே மாதிரி குறையும், பங்கு மாறாது. ஒருநாள் விட்டு ஒருநாள்னா அன்னிக்கு ரெண்டு தடவை நிரப்பணும்.

டிரம் கறுப்பு இல்லைன்னா நீலம், வெளிச்சம் உள்ளே போகவே கூடாது. வெள்ளை டிரம் வாங்கினா பாசி பிடிச்சு ஃபில்டரை அடைக்கும். மூடி கட்டாயம், கொசு முட்டை போடும்.

---

லேட்டரல்16:

டிரம் யோசனை நல்லது, டைமரைவிட மலிவு, கெட்டுப்போக எதுவும் இல்லை. ரெண்டு விஷயம் சேர்த்துக்கங்க. மேடை 3 அடி, டிரம் 3 அடி, சராசரி உயரம் ஒண்ணரை மீட்டருக்குள்ளதான் வரும். அந்த அழுத்தத்துல 8 லிட்டர் டிரிப்பர் மணிக்கு 3 லிட்டர் தரும், 200 லிட்டர் தீர சுமார் ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகும். அதுல தப்பில்லை, கரிசலுக்கு மெதுவாப் போறதுதான் நல்லது. ஆனா இவ்வளவு குறைஞ்ச அழுத்தத்துல தரையின் ஏத்த இறக்கம் பேசும். வாசலைவிடப் பின்பக்கம் அரை அடி பள்ளமா இருந்தாலே பள்ளத்துச் செடி கூடுதலாக் குடிக்கும். டிரம்மை மேட்டுப் பக்கம் வச்சு, குழாயை நடுவுல இணைச்சு ரெண்டு பக்கமும் பிரிச்சு விடுங்க. எல்லாம் ஓடும்போது தூரத்து டிரிப்பர், பக்கத்து டிரிப்பர் ரெண்டையும் டம்ளர்ல அளந்து பாருங்க. பத்துல ஒரு பங்கு வித்தியாசம் இருந்தா விட்டுருங்க. அதுக்கு மேலன்னா குறைவா வர்ற இடத்துல ஒரு டிரிப்பர் கூட்டுங்க.

---

தேரிக்காடு:

போர் தண்ணி பற்றி யாரும் சொல்லவில்லை.

2,400-ஐத் தென்னை தாங்கும். எலுமிச்சை தாங்காது, இலை நுனி கருகி உதிரும். மல்லிகை, கறிவேப்பிலைக்கும் வேண்டாம். ஆகவே தென்னைக்குத் தனி டிரம் வையுங்கள். போர் பாதி, டேங்கர் பாதி கலந்தால் 1,400 பக்கம் வரும். தென்னைக்கான 135 லிட்டரில் பாதி மிச்சம். அப்போது டேங்கர் தண்ணீர் தொட்டி உட்பட நாளொன்றுக்கு சுமார் 150 லிட்டர், மாதம் 4,500. ஒரு வண்டியில் முடிந்துவிடும்.

உப்பு எங்கே போகும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சொட்டுநீரில் உப்பு ஈர வட்டத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு அங்கேயே சேரும், மண்மேல் வெள்ளையாகப் பூத்துத் தெரியும். கோடை முழுக்க அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆபத்து புரட்டாசி, ஐப்பசியில் பெய்யும் முதல் சிறு மழையில். நாலு தூறல் போட்டதும் எல்லோரும் வால்வை மூடிவிடுவார்கள். அந்தத் தூறல் விளிம்பு உப்பைக் கரைத்து நேராக வேருக்குக் கொண்டுபோகும், உப்பை வெளியே தள்ள எதிர்ப்பக்கம் தண்ணீர் இருக்காது. மழை பெய்யும்போதே சொட்டுநீரையும் ஓட்டுங்கள். 2 இஞ்ச் மழை சேர்ந்து உப்பு கீழே இறங்கியபிறகு நிறுத்தலாம்.

வாஷிங் மெஷின் தண்ணீரை விடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அலசுகிற தண்ணீரை மட்டும் வாழைக்கோ தென்னைக்கோ விடலாம், இடத்தை மாற்றி மாற்றி. முதல் சோப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சோடியம் கரிசலை இறுக வைக்கும். ஈரத்தில் சேறாகவும் காய்ந்தால் கல்லாகவும் ஆன மண்ணில் பிறகு சொட்டுநீர்கூட இறங்காது. ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் மண் பரிசோதனை செய்து, சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போடுங்கள். இந்தத் தண்ணீரை டிரிப்பர் வழியாகவும் விடாதீர்கள், நூலும் சோப்புப் பசையும் அடைத்துக்கொள்ளும்.

ஆர்.ஓ. கழிவு நீர் தென்னைக்கு. ஏ.சி. தண்ணீர் தொட்டிச் செடிக்கு, அதில் உப்பே கிடையாது.

---

வானம்பார்த்தபூமி:

முதல் மழை விஷயம் மிகச் சரி. இதைத் தெரியாமல் மழைக்குப் பிறகு இலை கருகியதைப் பூஞ்சை நோய் என்று மருந்தடிப்பவர்கள் உண்டு.

புல்தரைக்கு வருகிறேன். 300 சதுர அடி என்பது 28 சதுர மீட்டர். 6 மி.மீ., குணகம் 0.8 என்றால் 134 லிட்டர். ஹோஸில் தெளிக்கும்போது காற்றிலும் ஓரத்திலும் போவதைச் சேர்த்தால் 180. மாதம் 5,400 லிட்டர், ஒரு வண்டிக்கும் மேல். மூன்று தென்னை குடிப்பதைவிட அதிகம், பதிலுக்கு ஒரு இளநீர்கூடத் தராது. என் கணக்கில் எடுத்துவிடுவதே சரி.

வெறும் மண்ணாக விடப் பிடிக்காவிட்டால் பொடுதலை வையுங்கள். வயல் வரப்பிலும் குளக்கரையிலும் தானாகப் படர்கிறதே, அதுதான். கணுவுக்குக் கணு வேர் விடும், தரையோடு ஒட்டிப் படரும், வெட்டும் வேலை குறைவு. புரட்டாசிக் கடைசியில் ஒரு சாண் துண்டுகளை அடிக்கு ஒன்றாக ஊன்றினால் மழையிலேயே பிடித்துக்கொள்ளும், ஊன்றும் காலத்து டேங்கர் செலவும் இருக்காது. பிடித்தபின் கோடையில் வாரம் ஒரு நனைப்பு போதும், அதுவும் பச்சையாக இருக்க வேண்டும் என்றால் மட்டும். ஒரு குறை: பூக்கும் காலத்தில் தேனீ மொய்க்கும். சின்னக் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடமென்றால் பூக்கும்போது ஒருமுறை வெட்டிவிடுங்கள். இப்போது கோடை நடுவில் எதையும் ஊன்ற வேண்டாம். இருக்கிற புல்லைக் காயவிடுங்கள். அருகம்புல் வகையாக இருந்தால் மழையில் தானே துளிர்க்கும்.

---

நீலடிரம்:

தொட்டிக்கும் டிரிப் இழுக்கச் சொல்லிக் கடையில வற்புறுத்துவாங்க. 20 தொட்டிக்கு அது தேவையில்லாத தலைவலி. தொட்டிகளை நெருக்கமா ஒண்ணு சேர்த்து, மேல்வெயில் படாத கிழக்குச் சுவர் ஓரம் வைங்க. தென்னைநார்க் கழிவு கலந்த மண்ணா இருந்தா தொட்டிக்கு 1 லிட்டர் போதும், பூவாளியில ஊத்திட்டுப் போயிரலாம். அடியில தட்டு வைங்க, ஆனா வழிஞ்ச தண்ணி சாயங்காலம் வரை நிக்கக் கூடாது.

---

கோவில்பட்டி_10சென்ட்:

ரொம்ப நன்றி. ரெண்டு டிரம், தென்னைக்கு ஒண்ணு, செடிக்கு ஒண்ணுன்னு முடிவு பண்ணியாச்சு. செடி டிரம்ல 65 லிட்டர் கோடு போட்டு அதுவரை நிரப்பினா சரியா? கலப்புத் தண்ணியில டிரிப்பர் அடைக்குமே, அதுக்கு என்ன பண்றது?

---

லேட்டரல்16:

கோடு சரி. ஒருநாள் விட்டு ஒருநாள்னா 130-ல கோடு போடுங்க. தென்னைக்கு 270 வேணும். 135-ல ஒரு கோடு, ரெண்டு நிரப்பு.

போர் தண்ணி அடைப்பு பெரும்பாலும் சுண்ணாம்பு. தண்ணி நின்னதும் டிரிப்பர் வாயில தங்குற கடைசித் துளி வெயில்ல காய்ஞ்சு வெள்ளையாப் படியும், அது மேல அடுத்த படிவு. அதனால பகல்ல ஓட்டாம விடியக்காலை ஓட்டுங்க, டிரிப்பர்களை மூடாக்குக்கு அடியில நிழல்ல வைங்க. மாசம் ஒரு தடவை தென்னை டிரிப்பர்களைக் கழட்டி ரெண்டாத் திறந்து, வினிகர்ல ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, பழைய பல் துலக்குற பிரஷ்ஷால தேய்ச்சாப் போதும். 27 டிரிப்பருக்கு அரை மணி நேர வேலை. கூடுதலா ஒரு 10 வாங்கி வச்சுக்கங்க. ஊசியால குத்தி அடைப்பு எடுக்காதீங்க. துளை பெருசாகி அந்த மரம் மட்டும் மத்ததோட பங்கையும் குடிக்கும்.

ஃபில்டர் தட்டுகளை வாரம் ஒரு தடவை அலசணும், புது டேங்கர் இறக்கின மறுநாள் கட்டாயம். 15 நாளைக்கு ஒரு தடவை எண்ட் கேப்பைத் திறந்து தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் ஓடவிடுங்க, அந்தக் கலங்கல் தண்ணியை வாளியில பிடிச்சு முருங்கைக்கு ஊத்திரலாம். அணில் குழாயைக் கடிக்கும், கோடையில அதுக்கும் தாகம்தான். லேட்டரலை மூடாக்குக்கு அடியில மறைச்சு, சுவர் மேல ஒரு மண்சட்டியில தண்ணி வச்சா கடி பெரும்பாலும் குறையும். கடிச்ச இடத்துல டேப் சுத்தாதீங்க, நிக்காது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு 16 மி.மீ. ஜாயினர் போடுங்க, ஒரு அரை டஜன் கையில இருக்கட்டும்.